மின்வெட்டுக்குப் பிறகு ஸ்லர்ம் நோடுகள் எழவில்லை: ஐந்தில் நான்கு படுத்துவிட்டன

ஏட்டுக்காவலன் (சாட்ஸ்வொர்த், டர்பன்)

வணக்கம். இரண்டு நாளாக முட்டி மோதிப் பார்த்துவிட்டேன். தெரிந்தவர்கள் கைகொடுக்க வேண்டும்.

எங்கள் கோயில் மண்டபத்தின் பின்னறையில் ஆறு பழைய கணினிகள் இருக்கின்றன. இங்குள்ள குடும்பங்கள் பெட்டிகளில் வைத்திருக்கும் தமிழ் அச்சுத்தாள்களை ஸ்கேன் செய்து, டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள் கொண்டு எழுத்தாக மாற்றுகிறோம். திருவிழா அறிவிப்புகள், கல்யாணப் பத்திரிகைகள், தமிழ்ப் பள்ளிப் பாடநூல்கள் என்று பலவும் வருகின்றன. 1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இறங்கியவர்களின் வழிவந்த பலருக்கு இன்று தமிழ் படிக்கத் தெரியாது. தூக்கி எறிவதற்கு முன் எங்களை நினைத்துக் கொண்டுவந்து தருகிறார்களே, அந்த நம்பிக்கைக்காகவாவது இந்த வேலை நிற்கக் கூடாது.

ஒரு கணினி தலைமை. அதற்குத் 'தாய்' என்று பெயர். மற்றவை அதன் கீழ் வேலை செய்யும் கணினிகள், அதாவது நோடுகள்: மணி1 முதல் மணி5 வரை. எல்லாவற்றிலும் உபுண்டு 22.04, அதனுடன் வரும் ஸ்லர்ம் 21.08. வேலைகளை வரிசைப்படுத்தி நோடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் அது. ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை என்று வரிசையில் விடுவோம். ஐந்து நோடுகளும் பங்குபோட்டுச் செய்துமுடிக்கும்.

சனிக்கிழமை மாலை தெருவில் கேபிள் பழுதாகி இரண்டரை மணி நேரம் மின்சாரம் இல்லை. தாய்க்கும் மணி5க்கும் மட்டுமே யுபிஎஸ் உண்டு. மின்சாரம் திரும்பிய பிறகு, நோடுகளின் நிலையைச் சொல்லும் எஸ்இன்ஃபோ கட்டளை காட்டுவது இது: மணி1, மணி2 'டவுன்'. மணி3 'டிரெயின்', அதாவது புது வேலை தராமல் விலக்கிவைத்த நிலை. மணி4 'டவுன்', பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. மணி5 மட்டும் வேலை செய்கிறது. நான்கையும் மூன்று முறை அணைத்துப் போட்டேன், பயனில்லை. மணி4இல் சாவி கெட்டுவிட்டதோ என்று, கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் மஞ்ச் சாவியைப் புதிதாக உருவாக்கினேன். அதிலும் மாற்றமில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவ வேண்டியதுதானா?

லெனேசியாக்காரன்

தம்பி, எதையும் அழிக்காதீர்கள். நான்கும் ஒரே நோயில் படுக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. தாயில் 'எஸ்இன்ஃபோ'வுடன் பெரிய எழுத்து 'ஆர்' சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு நோடும் ஏன் ஒதுக்கப்பட்டது என்று ஸ்லர்மே காரணம் எழுதி வைத்திருக்கும். அதை வரிக்கு வரி இங்கே போடுங்கள்.

நட்சத்திரக் குறி என்றால் அந்த நோடு இப்போதும் தலைமைக்குப் பதில் சொல்லவில்லை என்று பொருள். மணி1, மணி2க்கு நட்சத்திரம் இல்லையே, அவை உயிரோடுதான் இருக்கின்றன. யாராவது 'எழுந்திரு' என்று சொல்லக் காத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஏட்டுக்காவலன்

நன்றி அண்ணா. மணி1, மணி2க்கு 'நாட் ரெஸ்பாண்டிங்'. மணி3க்கு 'லோ ரியல்மெமரி'. மணி4க்கும் 'நாட் ரெஸ்பாண்டிங்'தான். மணி3 போன வாரம்தான் சேர்ந்தது. மணி2இன் வரியை அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினேன்.

லெனேசியாக்காரன்

அப்படியானால் மூன்று பேருக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

மணி1, மணி2: மின்சாரம் போனதும் தலைமை 'ஸ்லர்ம்டி டைம்அவுட்' என்ற காத்திருப்பு நேரம் வரை பொறுத்திருக்கும். நீங்கள் எதுவும் எழுதவில்லை என்றால் அது 300 விநாடி. அதற்குள் பதில் வராததால் 'டவுன்' என்று குறித்துவிட்டது. பிறகு அவை எழுந்து வந்து 'நான் வந்துவிட்டேன்' என்று சொன்னாலும் தலைமை சேர்த்துக்கொள்ளாது, ஏனென்றால் உங்கள் ஸ்லர்ம்.கான்ஃப் அமைப்புக் கோப்பில் 'ரிட்டர்ன்டுசர்வீஸ்' வரி இருக்காது. இல்லாவிட்டால் மதிப்பு 0. அதாவது நிர்வாகி கையால் எழுப்பும் வரை அப்படியே கிடக்க வேண்டும். இப்போதைக்கு 'எஸ்கண்ட்ரோல் அப்டேட்' கட்டளையில் நோட்நேமாக மணி1, மணி2 கொடுத்து, ஸ்டேட் என்பதற்கு 'ரெஸ்யூம்' கொடுங்கள். உடனே வேலைக்கு வந்துவிடும். நிரந்தரத் தீர்வுக்கு அந்த வரியைச் சேர்த்து 1 என்று வையுங்கள்.

மணி3: பெட்டியின் மேல் 16 ஜிபி என்று எழுதியிருந்தாலும் இயங்குதளத்துக்குக் கிடைப்பது அவ்வளவு இருக்காது. பலகையில் பதிந்த திரைச்சில்லு அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கோப்பில் சொன்னதைவிட நினைவகம் குறைவாக இருந்தால் ஸ்லர்ம் அந்த நோடை ஒதுக்கிவிடும். மணி3இல் உட்கார்ந்து, நோடில் ஓடும் ஸ்லர்ம் நிரலான 'ஸ்லர்ம்டி'யுடன் பெரிய 'சி' சேர்த்து ஓட்டுங்கள். அந்தக் கணினி தன்னைப் பற்றித் தானே ஒரு வரி எழுதித் தரும்: எத்தனை சிபியு, எத்தனை சாக்கெட், ஒரு சாக்கெட்டுக்கு எத்தனை கோர், ஒரு கோருக்கு எத்தனை த்ரெட், எத்தனை மெகாபைட் நினைவகம். அதைக் கோப்பில் எழுதுங்கள். நினைவகத்தை மட்டும் சில நூறு மெகாபைட் குறைத்தே போடுங்கள். கெர்னல் மாறும்போது இந்த எண் கொஞ்சம் ஏறி இறங்கும்.

கோப்பை மாற்றினால் ஆறு கணினிகளிலும் ஒரே கோப்பு இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு ஒரு இரவு முழுவதும் தேடி அலைந்தவன் நான்.

மலைச்சாரல் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

லெனேசியா அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் ரிட்டர்ன்டுசர்வீஸ் 1 உங்களுக்குப் போதாது தம்பி. 1 என்று வைத்தால், பதில் சொல்லாததற்காக டவுன் ஆன நோடு மட்டுமே தானாகத் திரும்பும். இரண்டரை மணி நேர மின்வெட்டுக்கு அது சரிதான். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் என்ன ஆகும்? கணினி ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும். 300 விநாடி கடந்திருக்காது. தலைமை பார்த்து, 'எதிர்பாராமல் மறுதொடக்கம் ஆனது' என்று காரணம் எழுதி டவுன் செய்யும். அந்தக் காரணத்துக்கு 1 உதவாது. 2 என்று வைத்தால்தான் எந்தக் காரணத்துக்காக டவுன் ஆகியிருந்தாலும், சரியான விவரங்களுடன் பதிவு செய்துகொண்ட நோடைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

லெனேசியாக்காரன்

எனக்கு 2இல் உடன்பாடு இல்லை அக்கா. நினைவகச் சில்லு கெட்டு அடிக்கடி தானாக மறுதொடக்கம் ஆகும் ஒரு கணினியை நினைத்துப் பாருங்கள். 2 என்று இருந்தால் அது விழுந்து எழுந்து, வேலைகளை வாங்கி மறுபடியும் விழும். யாருக்கும் தெரியாது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுப்புவதுதான் நல்லது.

மலைச்சாரல்

நம்மைப்போல் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அது சரி. கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மாலைதான் ஆள் வருவார்கள். திங்கள் காலை மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால், அதன்பின் நான்கு நாள் வேலை நிற்பதா? 2 வைக்கட்டும். அதோடு ஹெல்த்செக்புரோகிராம் என்று ஒரு சிறிய நிரலையும் வைத்து, வட்டில் இடம் இருக்கிறதா, நினைவகப் பிழைகள் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்து, கோளாறு இருந்தால் அந்த நிரலே நோடை டிரெயின் செய்யட்டும். டிரெயின் ஆனதை 2 எழுப்பாது. உங்கள் அச்சத்துக்கும் அதுவே பதில்.

தம்பி, ஒரு முக்கியமான விஷயம். நோடு விழுந்தால் அதில் ஓடிய வேலையை ஸ்லர்ம் இயல்பாகவே மறுபடியும் வரிசையில் சேர்க்கும். ஆனால் பாதி எழுதிய கோப்பு அங்கேயே கிடக்கும். முடிவை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் முடிந்த பிறகு உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் முக்கால் பக்கம் மட்டும் உள்ள பத்திரிகையை முழுப் பக்கம் என்று நம்பி அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

மணி4 பற்றி: தாயிலிருந்து 'மஞ்ச் -என்' கொடுத்து, அதை எஸ்எஸ்எச் வழியாக மணி4இல் 'அன்மஞ்ச்' செய்து பாருங்கள். என்ன நிலை வருகிறது?

ஏட்டுக்காவலன்

மணி1, மணி2 எழுந்துவிட்டன! மணி3இல் ஸ்லர்ம்டி சொன்ன எண் 15843. நான் 16000 என்று எழுதியிருந்தேன். 15500 என்று மாற்றி, ஆறிலும் கோப்பை நகலெடுத்து, தலைமையையும் நோடுகளையும் மறுதொடக்கம் செய்து ரெஸ்யூம் கொடுத்தேன். அதுவும் வேலைக்கு வந்துவிட்டது. மலைச்சாரல் அக்கா சொன்ன தற்காலிகப் பெயரை இன்றே ஸ்கிரிப்டில் சேர்த்துவிட்டேன். சனிக்கிழமை ஓடிய கோப்புகளைத் திறந்து பார்த்தபோது ஏழு பக்கங்கள் உண்மையிலேயே பாதியில் நின்றிருந்தன. நெஞ்சு பதைத்துவிட்டது. அசல்கள் இன்னும் எங்களிடமே இருக்கின்றன.

மணி4இல் வந்த நிலை: 'இன்வேலிட் கிரெடென்ஷியல்', செல்லாத சான்று.

மலைச்சாரல்

அது நீங்கள் உருவாக்கிய புதுச் சாவியால் வந்தது. மஞ்ச் சாவி எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நோடில் மட்டும் புதிதாக உருவாக்கினால் மற்றவர்கள் அதை அந்நியனாகவே பார்ப்பார்கள். தாயில் உள்ள சாவியை மணி4க்கு நகலெடுங்கள். உரிமையாளர் மஞ்ச் பயனர், அனுமதி 0400. பிறகு முதலில் மஞ்ச், அடுத்து ஸ்லர்ம்டி என்ற வரிசையில் மறுதொடக்கம். அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். சாவியைத் தொடுவதற்கு முன்பும் மணி4 எழவில்லை என்றீர்கள், ஆகவே இதோடு முடியாது. அடுத்த பிழைதான் உண்மையான பிழை.

ஏட்டுக்காவலன்

நீங்கள் சொன்னபடியே ஆனது அக்கா. இப்போது 'எக்ஸ்பயர்டு கிரெடென்ஷியல்', காலாவதியான சான்று. மணி4இலிருந்து தாய்க்கு அனுப்பினால் 'ரிவவுண்ட் கிரெடென்ஷியல்', இனி வரப்போகும் நேரத்தில் எழுதிய சான்று. தாயில் எழுதிய நேரம் 19:42, மணி4இல் படித்த நேரம் 21:42 என்று காட்டுகிறது. விநாடி கூட மாறவில்லை, சரியாக இரண்டு மணி நேரம்.

கேப்டவுன் காற்று

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். சரியாக இரண்டு மணி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கே லெங்காவு மீக்கணினியில் பிபிஎஸ் என்ற வேறொரு வரிசை மென்பொருளைப் பயன்படுத்துபவன், ஸ்லர்ம் அதிகம் தெரியாது. ஆனால் நம் நாட்டு நேரம் உலகப் பொது நேரமான யுடிசியை விடச் சரியாக இரண்டு மணி முன்னால் இருக்கிறது. மணி4இல் விண்டோஸும் இருக்கிறதா? விண்டோஸ் பலகைக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் அதை யுடிசி என்று எடுத்துக்கொண்டு மேலும் இரண்டு மணி கூட்டும். இணையம் இருந்தால் உடனே திருத்திக்கொள்ளும், அதனால் வெளியே தெரியாது.

ஏட்டுக்காவலன்

இருக்கிறது! மணி4 ஒரு மாணவி கொடுத்தது. அதன் விண்டோஸை அழிக்கவில்லை. சனிக்கிழமை மதியம் பூசைக்கான அறிவிப்பைத் தட்டச்சு செய்ய விண்டோஸில் திறந்திருக்கிறார்கள். மின்சாரம் வந்ததும் அது தானாக லினக்ஸில் எழுந்திருக்கிறது. மண்டபத்து இணையப் பெட்டி அன்றிலிருந்து வேலை செய்யவில்லை.

மலைச்சாரல்

கேப்டவுன்காரருக்கு நன்றி, முடிச்சை அவிழ்த்துவிட்டார். மஞ்ச் ஒரு சான்றை 300 விநாடிதான் ஏற்கும். 7200 விநாடி தள்ளி நிற்கும் கணினியிடம் எந்தச் சாவி இருந்தாலும் பயனில்லை.

இணையத்தை நம்பாதீர்கள் தம்பி. தாயில் குரோனி என்ற நேரம் சரிசெய்யும் நிரலை நிறுவி, இணையம் இல்லாதபோதும் நோடுகளுக்கு நேரம் கொடுக்கும்படி அதில் 'லோக்கல் ஸ்ட்ரேட்டம் 10' வரியைச் சேருங்கள், நோடுகளின் சப்நெட்டுக்கு 'அலௌ' கொடுங்கள். ஐந்து நோடுகளிலும் குரோனியின் சர்வராகத் தாயையே எழுதுங்கள். 'மேக்ஸ்டெப்' வரியும் இருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தை மெல்ல மெல்லத் திருத்தப் பார்க்கும். ஆறு கணினிகளும் ஒரே நேரத்தில் இருப்பதுதான் இங்கே முக்கியம். மணி4இல் விண்டோஸ் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

யுபிஎஸ்ஸில் இன்னும் இடம் இருந்தால் முதலில் சுவிட்சையும் இணையப் பெட்டியையும் அதில் மாட்டுங்கள். அவற்றுக்கு மிகக் குறைந்த மின்சாரமே வேண்டும்.

ஏட்டுக்காவலன்

அனைவருக்கும் நன்றி. மாணவியிடம் கேட்டு விண்டோஸை எடுத்துவிட்டேன். குரோனி ஐந்திலும் ஓடுகிறது. மஞ்ச் சோதனை இரு பக்கமும் 'சக்சஸ்'. ரிட்டர்ன்டுசர்வீஸை 2 ஆக்கிவிட்டு, நேற்று மாலை வேண்டுமென்றே மணி1, மணி4 இரண்டின் பிளக்கையும் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மாட்டினேன். யாரும் தொடாமலேயே இரண்டும் எழுந்து, விட்ட பக்கங்களை முதலிலிருந்து எடுத்துக்கொண்டன.

இப்போது 412 பக்கங்கள் வரிசையில் இருக்கின்றன. பழைய பாடநூல்களில் 'லை', 'ணை' எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் இருப்பதால் டெசராக்ட் தவறாகப் படிக்கிறது. அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குகிறேன். மலைச்சாரல் அக்கா, அங்கேயும் வாருங்கள்.