பழைய பென்டியம் 4: காப்பி நத்தை வேகம், ஃபைல்களும் கெடுகின்றன. டிஸ்க் போய்விட்டதா?

அச்சுமை
திருவல்லிக்கேணியில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் பிழைப்பு. கடையில் ஒரு மெஷின் மட்டும் பழசு: பென்டியம் 4, இன்டெல் 845ஜி போர்டு, இரண்டு 256 எம்பி ரேம், 80 ஜிபி ஐடிஇ (பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை) ஹார்ட் டிஸ்க், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3. பேஜ்மேக்கர் 7 அதில்தான் ஓடுகிறது. தமிழ் எழுத்துரு மென்பொருளின் டாங்கிள் (அதை மாட்டினால்தான் மென்பொருள் ஓடும்) பழைய பிரிண்டர் போர்ட்டில் மாட்டுவது. புது மெஷினில் அந்த போர்ட்டே கிடையாது. அதனால் தயவுசெய்து "புதுசு வாங்குங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆயுத பூஜைக்குப் பெட்டியைக் கழற்றித் தூசி ஊதி, திரும்ப மாட்டினார் சர்வீஸ் பையன். அதிலிருந்து தொல்லை. ஒரு டிவிடி அளவு ஃபைலைக் காப்பி போட்டால் டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிவதில்லை, மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது, பாட்டு கரகரக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நேற்று ஒரு மணமக்கள் படத்தைத் திறந்தால் மாப்பிள்ளையின் கழுத்துக்குக் கீழே முழுக்கப் பச்சை நிறம். சில பேஜ்மேக்கர் ஃபைல்கள் திறக்கவே இல்லை. டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கருவி செக்டிஸ்க்கை ஓட்டட்டுமா?

வடபழனி_வாசி
டிஸ்க் செத்துவிட்டது சார். எஸ்எஸ்டி போடுங்கள், பறக்கும்.

அச்சுமை
845 போர்டில் எஸ்எஸ்டி மாட்டும் புது வகை இணைப்பான சாட்டாவே இல்லையே தம்பி.

பழையசோறு
செக்டிஸ்க்கை இப்போதைக்குத் தொடாதீர்கள், ஐயா. டிஸ்க் நன்றாக இருந்து, வழியில் வேறு ஏதாவது கெட்டிருந்தால், செக்டிஸ்க் தப்பாகப் படித்ததை நம்பி நல்ல இடத்தையும் "சரி" செய்துவிடும். அப்புறம் மீட்க எதுவும் மிஞ்சாது.

முதலில் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி–ஐடிஇ அடாப்டர் வழியாக வேறு நல்ல கணினியில் மாட்டி எல்லாவற்றையும் ஒரு நகல் எடுங்கள். இதில் இரட்டை லாபம். உங்கள் பழைய கேபிள், போர்டு, ரேம் எதுவும் குறுக்கே வராது. அங்கேயும் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டாலோ, ஒரே இடத்தில் திக்கினாலோ, சும்மா காப்பி போடாமல், கெட்ட டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும் லினக்ஸ் கருவி டிடிரெஸ்க்யூவுக்குப் போங்கள்.

பிறகு எக்ஸ்பியில் மூன்று இடம் பார்த்துச் சொல்லுங்கள்:
டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர் பகுதியில் பிரைமரி ஐடிஇ சேனல், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். "கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்" என்ன காட்டுகிறது? ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் டிஸ்க் பெயரில் 7, 11, 51 எண்களில் ஏதாவது இருக்கிறதா? கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவின் பழைய பதிப்பில் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் கணக்கு) பட்டியலில் 5, 197, 199 என்ன?

அச்சுமை
நகல் எடுத்தாயிற்று. மருமகனின் லேப்டாப்பில் எந்த முனகலும் இல்லாமல் வந்தது.
மோட்: பி.ஐ.ஓ.
ஈவன்ட் வியூவரில் 11 வரிசையாக நிற்கிறது, நடுநடுவே 51. 7 ஒன்றுகூட இல்லை.
ஸ்மார்ட்: 5ம் 197ம் பூஜ்யம். 199 மட்டும் நூற்றுக்கணக்கில்.

பழையசோறு
அப்படியானால் டிஸ்க்குக்கு இப்போதே சங்கு ஊத வேண்டாம். தட்டில் கெட்ட இடம் இருந்தால் 5, 197 ஏறும், ஈவன்ட் 7 வரும். 11 என்பது கன்ட்ரோலர் பிழை, 51 என்பது பேஜிங் நேரத்தில் வந்த பிழை. 199 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில், அதாவது கேபிளில், டேட்டா சிதைந்து பிடிபட்ட கணக்கு. 199 ஒருமுறை ஏறினால் பிறகு இறங்காது. இனி ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

கதை இப்படி இருக்கும். அல்ட்ரா டி.எம்.ஏ. என்பது புராசசரைத் தொந்தரவு செய்யாமல் டேட்டாவை நேரே ரேமுக்கு அனுப்பும் வேகமான முறை. அதில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் சி.ஆர்.சி. சரிபார்ப்பு உண்டு. கேபிளில் பிட் மாறினால் பிடித்து, மறுபடி அனுப்பச் சொல்லும். எக்ஸ்பியின் டிரைவர் இப்படிப்பட்ட பிழைகள் மொத்தம் 6 சேர்ந்தால் வேகத்தை ஒரு படி குறைக்கும். தொடர்ந்து வந்தால் படிப்படியாக இறங்கிக் கடைசியில் பி.ஐ.ஓ.வில் வந்து உட்கார்ந்துவிடும். பி.ஐ.ஓ.வில் ஒவ்வொரு துண்டையும் புராசசரே கையால் தூக்கிப் போட வேண்டும். மவுஸ் திக்குவது அதனால்தான். டாஸ்க் மேனேஜரில் "ஷோ கெர்னல் டைம்ஸ்" போட்டுப் பாருங்கள், காப்பி ஓடும்போது சிவப்புக் கோடு உச்சியில் நிற்கும்.

வேகத்தைவிட என்னைப் பயமுறுத்துவது வேறு: பி.ஐ.ஓ.வில் அந்த சி.ஆர்.சி. சரிபார்ப்பே கிடையாது. கெட்ட கேபிள் அப்படியே இருக்க, காவலாளி மட்டும் போய்விட்டார். இனி சிதைவது சத்தமில்லாமல் டிஸ்க்கில் எழுதப்படும்.

கேபிளைப் பாருங்கள். கனெக்டரில் 40 துளைதான் இருக்கும், அதை எண்ணிப் பயனில்லை. பட்டையில் கம்பி தடிமனாக இருந்தால் 40 கம்பி. நூல் மாதிரி நெருக்கமாக இருந்தால் 80 கம்பி. வினாடிக்கு 33 எம்பிக்கு மேல் வேகம் வேண்டுமானால் 80 கம்பிதான் வேண்டும். நீளம் 18 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. நீலம் போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்), சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது).

அச்சுமை
தடிமன் கம்பி! டிவிடிக்கு இருந்த கேபிளை டிஸ்க்குக்கு மாற்றி மாட்டியிருக்கிறார். அதுவும் கனெக்டர் பக்கத்தில் மடித்து, மடிப்பு வெளுத்துப்போயிருக்கிறது.

ரிச்சி_ரவுண்டு
ரிச்சி தெருவில் பழைய பாகம் விற்கும் கடைகளில் 80 கம்பி கேபிள் இன்னும் கிடைக்கிறது. உருண்டைக் குழாய் போல அழகாகச் சுற்றியது வேண்டாம், தட்டையானதையே கேளுங்கள். அப்படியே பெரிய ஐடிஇ டிஸ்க் கண்ணில் பட்டு ஆசை வந்தால் ஒரு எச்சரிக்கை: எக்ஸ்பிக்கு 137 ஜிபிக்கு மேல் தெரிய சர்வீஸ் பேக் 1 ஆவது வேண்டும். உங்களிடம் 3 இருக்கிறது, பரவாயில்லை. ஆனால் அந்தக் காலத்து முதல் எக்ஸ்பி சிடியை எடுத்து மறுபடி நிறுவினால், எல்லை தாண்டும்போது டேட்டா நாசமாகலாம்.

அச்சுமை
கேபிள் மாற்றினேன். ஆனாலும் பி.ஐ.ஓ.விலேயே நிற்கிறது.

பழையசோறு
எக்ஸ்பி பழைய பகையை மறக்காது. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். தானே மறுபடி கண்டுபிடிக்கும்.

அச்சுமை
அல்ட்ரா டி.எம்.ஏ. மோட் 5 வந்துவிட்டது! மவுஸ் வழுக்குகிறது, 199 ஏறவில்லை. ஆனால் லேப்டாப்பிலிருந்து கொண்டுவந்த ஒரு பெரிய ஐஎஸ்ஓ ஃபைலை இங்கே காப்பி போட்டால் இரண்டும் ஒன்றாக இல்லை என்கிறது. இது என்ன கூத்து?

பழையசோறு
அப்படியானால் இரண்டாவது ஆள் ஒருவர் ஒளிந்திருக்கிறார். கமாண்ட் பிராம்ப்டில் எஃப்.சி. கட்டளையை /பி சேர்த்து, மூலத்தையும் நகலையும் ஒப்பிடுங்கள். ஃபைல் உங்கள் ரேமைவிடப் பெரிதாக, ஒரு ஜிபிக்கு மேல் இருக்கட்டும். சின்ன ஃபைல் என்றால் விண்டோஸ் டிஸ்க்கைத் தொடாமல் நினைவிலிருந்தே எடுத்துக் காட்டிவிடும். வரும் வரிகளை இங்கே போடுங்கள்.

அச்சுமை
வலப்பக்கத்து இரண்டு எண்கள் இப்படி:
61 65
20 24
70 74
மறுபடி ஓட்டினால் வேறு இடங்களில் வருகிறது.

பழையசோறு
எல்லா வரியிலும் வித்தியாசம் சரியாக 4. அதாவது எப்போதும் ஒரே பிட் மட்டும் 0 என்பது 1 ஆகிறது. கேபிளில் கெட்டிருந்தால் சி.ஆர்.சி. பிடித்து 199 ஏறியிருக்கும், அது ஏறவில்லை. மேலும் ஓட்டும் ஒவ்வொரு முறையும் இடம் மாறுகிறது என்றால், தட்டில் இருப்பது கெடவில்லை, படித்து வைத்துக்கொள்ளும் இடம் கெட்டிருக்கிறது. ரேம். சுத்தம் செய்தபோது கழற்றி மாட்டினாரல்லவா?

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ சிடி போட்டு, ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே இரவு முழுக்க ஓடவிடுங்கள். அதற்கு முன் ரேமின் தங்க நிறப் பல்லைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். கடற்கரைப் பக்கத்துக் கடை, உப்புக் காற்று சும்மா விடாது. புராசசரைச் சுற்றியிருக்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

அச்சுமை
கெப்பாசிட்டர் தட்டையாகத்தான் இருக்கிறது. ஒரு ரேம் சுத்தம். இன்னொன்று ரப்பர் போட்டும், ஸ்லாட் மாற்றியும், திரை முழுக்கச் சிவப்பு. கழற்றி வைத்துவிட்டேன். 256இல் பேஜ்மேக்கர் தாராளமாக ஓடுகிறது. ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை என்று வருகிறது. இப்போதாவது செக்டிஸ்க் ஓட்டலாமா? கெட்ட ஃபைல்கள் தானாகச் சரியாகுமா?

பழையசோறு
செக்டிஸ்க் இப்போது ஓட்டலாம். ஆனால் முதலில் /எஃப் (பிழையைத் திருத்தச் சொல்வது) இல்லாமல் ஓட்டி என்ன சொல்கிறது என்று படியுங்கள். ஃபைல்களில் இரண்டு வகை. படிக்கும்போது மட்டும் கெட்டவை இப்போது தானாகவே திறக்கும். அந்தப் பச்சை மாப்பிள்ளையை மறுபடி திறந்து பாருங்கள். ஆயுத பூஜைக்குப் பிறகு சேமித்தவை கெட்டே எழுதப்பட்டிருந்தால் எந்தக் கருவியும் மீட்காது, அதற்கு முந்தைய சிடி நகல்தான் கதி. தேதி வாரியாக வரிசைப்படுத்தி, பூஜைக்குப் பின் மாற்றியவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அது முடியும்வரை பழைய நகல் எதன் மேலும் புதியதை எழுதாதீர்கள்.

அச்சுமை
மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி திரும்பிவிட்டது. பேஜ்மேக்கரில் நான்கைந்து போயே போய்விட்டன. அதில் ஒன்று தை மாதக் கல்யாணம், வாடிக்கையாளரிடம் ப்ரூஃப் தாள் இருக்கிறது, பார்த்து அடித்துக்கொள்கிறேன்.