உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்று படிக்கிறோம், வீட்டில் கோபம்தானே உண்டாகிறது? வேதபாடத்துக்கு யோசனை வேண்டும்

மஞ்சக்குப்பம் ஜெபக்குழு (கேள்வி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் வியாழன் சாயங்காலம் கூடும் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஆறு வாரப் பாடம் தயாரிக்கிறேன். வருகிறவர்களில் சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளிகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், மீன் வியாபாரம் செய்கிறவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் பெண்ணையாறு குடியிருப்புக்குள் வந்தபோது சாமான் எல்லாம் போய், அப்போது வாங்கிய கடன் சில வீடுகளில் இன்னும் ஓடுகிறது. சில வீடுகளில் நீண்ட நாள் நோயாளி.

ரோமர் 5:3, 4 எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் "எங்க வீட்ல உபத்திரவம் வந்து எரிச்சலும் சண்டையும்தான் வந்துச்சு" என்று நேராகவே சொல்கிறார்கள். "சகித்துக்கொள்ளுங்கள்" என்பதோடு பாடத்தை முடிக்க எனக்கு மனமில்லை. தினமும் செய்யக்கூடியதாக எதைக் கொடுக்கலாம்? எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். "என்ன பாவம் செய்தோமோ" என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில்?

நெல்லிக்குப்பம் வேதபாட ஆசிரியர்

சகோதரர் கேட்டது சரியான கேள்வி. அந்த ஜனங்கள் சொல்வதும் உண்மை. கஷ்டம் தானாக யாரையும் நல்லவனாக்காது. அதே வெள்ளம், அதே கடன், ஒரு வீட்டை இளக்கும், இன்னொரு வீட்டை இறுக்கும்.

பாடம் பிசகுகிற இடம் எதுவென்றால், 3, 4 வசனங்களை மட்டும் வெட்டி எடுத்துப் பேசுவது. பவுல் 1-ஆம் வசனத்தில் தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருப்பதில் தொடங்கி, 5-ஆம் வசனத்தில் நம் இருதயங்களில் ஊற்றப்பட்ட தேவ அன்பில் முடிக்கிறார். அந்த இரண்டு முனையும் இல்லாமல் நடுவை மட்டும் பேசினால், கேட்கிறவருக்கு "நீ தாங்கினால்தான் தேவன் உன்னை ஏற்பார்" என்றுதான் காதில் விழும். முதல் வாரம் 1 முதல் 5 வரை மொத்தமாக வாசியுங்கள். விளக்கம் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

இரண்டாம், மூன்றாம் வாரத்தைப் புலம்பலுக்கு விடுங்கள். இதைத் தாண்டிப்போகிற குழுக்களில்தான் அடக்கி வைத்த கோபம் வீட்டில் போய் வெடிக்கிறது. சங்கீதம் 13 போதும், மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற முறையீடு, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. ஒருவர் வாசிக்கட்டும். பிறகு ஒவ்வொருவரும் "எதுவரைக்கும் ஆண்டவரே" என்று ஆரம்பித்துத் தன் பாரத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லட்டும். சொல்ல விரும்பாதவர் சும்மா இருக்கலாம். அடுத்த சுற்று, என்ன வேண்டும் என்று ஒரு வாக்கியம். மூன்றாவது சுற்று, முடிந்தவர்கள் மட்டும் ஒரு நம்பிக்கை வாக்கியம்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் நடத்துகிறவர்தான். ஒருவர் அழுதவுடன் "சந்தோஷமாயிருங்கள்" என்று எதிர்வசனம் எடுத்துவிடுவது, சங்கீதத்தின் 5-ஆம் வசனத்துக்கு அவசரமாக இழுத்துப்போவது, இந்த இரண்டையும் தவிர்த்தால் போதும். நம்பிக்கை வாக்கியம் வாயில் வரவே இல்லை என்பவருக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அது இருளில்தான் முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் வேதம் தள்ளிவிடாமல் வைத்திருக்கிறது என்று காட்டுங்கள்.

நான்காம் வாரத்திலிருந்து குணம். கலாத்தியர் 5:22, 23-இல் ஆவியின் கனி ஒன்பது. ஒன்பதையும் ஒரே மூச்சில் எடுத்தால் ஒன்றும் நிற்காது. ஆளுக்கு ஒன்று, அதையும் ஒரு நேரத்தோடும் ஒரு இடத்தோடும் கட்டவேண்டும். "பொறுமையாக இருப்பேன்" என்பது மறுநாளே காணாமல் போகும். வேலை முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிறவர் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" (சங்கீதம் 141:3) என்று ஒருமுறை சொல்லட்டும். உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, முகம் கழுவி, அதன் பிறகு பேச்சு. அவ்வளவுதான் பயிற்சி. படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பசியும் களைப்பும் உச்சத்தில் இருக்கிற அந்தச் சில நிமிஷத்தைத் தாண்டிவிட்டால் பாதிச் சண்டை தொடங்குவதே இல்லை.

தவறும் நாள் வரும். அன்று "இனி எனக்கு வராது" என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. கோபப்பட்டுவிட்டால் படுக்கப்போகும் முன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதையும் அதே பயிற்சியின் பகுதியாக முதலிலேயே சொல்லிவையுங்கள்.

புதுவை மறைக்கல்வி ஆசிரியை

ஐயா எழுதியதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர், சொற்கள் கொஞ்சம் மாறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இரவில் பத்து நிமிட ஆன்ம சோதனை. 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்துக் கொடுத்த முறை. இன்றைக்காக நன்றி சொல்வது, உள்ளதை உள்ளபடி பார்க்கத் தூய ஆவியாரிடம் ஒளி கேட்பது, காலையிலிருந்து நாளை ஓட்டிப் பார்ப்பது, தவறுக்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு காரியத்தைத் தீர்மானிப்பது, இப்படி ஐந்து படி. கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு முதல் படிதான் இடறும். "நன்றி சொல்ல என்ன இருக்கு?" என்பார்கள். பெரிதாகத் தேட வேண்டாம். பக்கத்து வீட்டம்மா கொடுத்த குழம்பு, பஸ்ஸில் கிடைத்த இடம், அது போதும். மூன்றாவது படியிலேயே மாட்டிக்கொண்டு குற்றவுணர்ச்சியில் மூழ்குகிறவர்களும் உண்டு. அவர்களை ஒரே ஒரு தருணத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

இஞ்ஞாசியாரே இன்னொரு விதியும் தருகிறார்: மனம் வறண்டு இருளில் கிடக்கும்போது, தெளிவாக இருந்த காலத்தில் எடுத்த நல்ல முடிவை மாற்றாதே. வேலையை விட்டுவிடுவது, பிள்ளையின் படிப்பை நிறுத்துவது, கோவிலுக்கு வருவதையே நிறுத்துவது எல்லாம் அப்படிப்பட்ட இரவுகளில் எடுக்கிற முடிவுகள்தான். பொறுக்கிற காரியமென்றால் பொறுத்து, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டு முடிவெடுக்கட்டும்.

இரண்டாவது, நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள். ஜிப்மரில் வாரக்கணக்கில் துணைக்கு இருப்பவரிடம் "இன்னும் அதிகமாகச் செபியுங்கள்" என்று சொல்லும் முன் 1 அரசர் 19-ஐப் படியுங்கள். எலியா சாக வேண்டும் என்று கேட்டுப் படுத்துக்கிடக்கிறார். வானதூதர் அறிவுரை சொல்லவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்துச் சாப்பிடச் சொல்கிறார், தூங்க விடுகிறார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். அதன் பிறகுதான் ஓரேபு மலைக்குப் பயணமும், மெல்லிய ஒலியில் ஆண்டவர் பேசுவதும். ஆகையால் உங்கள் குழுவில் வாரத்துக்கு ஓர் இரவு வேறொருவர் ஆஸ்பத்திரியில் தங்கி, அந்த அக்கா வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்க ஏற்பாடு செய்யுங்கள். முந்தின நாளே யார் வருகிறார்கள் என்று பெயரோடு சொல்லிவிட வேண்டும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். தூக்கம் கெட்டவரிடம் சாந்தத்தை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

உபவாசம் வைப்பதாக இருந்தால் சர்க்கரை வியாதிக்காரர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய், வெயிலில் வேலை செய்பவர் இவர்களுக்கு வேண்டாம்.

கடலூர் முதுநகர் சமூகப்பணி

"என்ன பாவமோ" என்பதற்கு யோவான் 9:3 நேரடியான பதில். குருடனாகப் பிறந்தவனைக் காட்டிச் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான். இயேசு "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார். லூக்கா 13:4-இல் சீலோவாமின் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றியும் அப்படியே: மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளல்ல. வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்கு இந்தப் பகுதி நன்றாகப் புரியும். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது.

கடனைப் பற்றி ஒரு வாரம் வெளிப்படையாகப் பேசியே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விசுவாசம் குணமாக மாறுகிறதா என்பது கணவனும் மனைவியும் ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதும்போது தெரியும். யாரிடம், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தக் கிழமை கட்ட வேண்டும், நான்கு கட்டம் போதும். ஐந்து வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கினால் மாதம் 2,500 வட்டி மட்டுமே போகிறது, வருஷத்துக்கு 30,000. அசல் அப்படியே நிற்கும். இதை எழுதிப் பார்த்தவுடன் எதை முதலில் அடைப்பது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். ஒருவருக்கொருவர் மறைத்து வைத்த கடன் வெளியே வரும்போது சண்டை வரலாம், அதனால் மூத்தவர் ஒருவர் கூட இருப்பது நல்லது. தண்டல், மீட்டர் வட்டி என்று மிரட்டி வசூலிப்பவர்கள் மேல் புகார் கொடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காணிக்கை விதைத்தால் கடன் தீரும் என்று யாராவது சொன்னால், அந்தப் போதனையைக் குழுவுக்குள் விடாதீர்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பொறுத்துப்போவதைச் "சிலுவை சுமப்பது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு முதலில் பாதுகாப்பான இடம், 181 உதவி எண். பிள்ளைகளுக்கு 1098. சாக வேண்டும் என்று யாராவது பேசினால் ஜெபித்து அனுப்பிவிடாமல் கூடவே இருந்து 14416 மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

மஞ்சக்குப்பம் ஜெபக்குழு

மிக்க நன்றி. புலம்பலுக்கு இரண்டு வாரம், பிறகு ஆளுக்கு ஒரு பயிற்சி, ஐந்தாம் வாரம் கடன் தாள் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: பயிற்சி நடக்கிறதா என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்கலாமா?

நெல்லிக்குப்பம் வேதபாட ஆசிரியர்

வேண்டாம் சகோதரரே. எல்லார் முன்னாலும் கேட்டால் சீக்கிரமே பொய் ஆரம்பிக்கும். இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுங்கள், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். கடன் கொடுத்து வாங்கினவர்களை ஒரே ஜோடியில் போடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் போனில் ஐந்து நிமிஷம் பேசட்டும்: "இந்த வாரம் எப்போ முடிஞ்சுது, எப்போ முடியல, எதுக்கு ஜெபிக்கணும்?" கேட்ட விஷயம் மூன்றாவது ஆளுக்குப் போகக்கூடாது என்பதை முதல் நாளே எல்லாரிடமும் உறுதி வாங்கிவிடுங்கள். ஜோடியில் ஒருவர் போன் எடுக்காமல் இரண்டு வாரம் போனால் நீங்களே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.