ஆறு தடச் சாலை போட்டும் லாரி வரிசை குறையவில்லை: கிருஷ்ணகிரியைப் போல் ஒரு நகரம், சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில்

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நகரம் கட்டி நிர்வகிக்கும் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் விளையாட்டின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில், எங்கள் ஊரை மனத்தில் வைத்து ஒரு நகரத்தைக் கட்டிவருகிறேன். தெருவுக்குத் தெரு நகலெடுக்கும் எண்ணமில்லை. எனக்குப் பிடித்தது ஊரின் அமைப்பு: சேலம் பக்கமிருந்து வரும் 44, சென்னையிலிருந்து வரும் 48, திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் செல்லும் 77, குப்பம் பக்கம் போகும் 42 என நான்கு தேசிய நெடுஞ்சாலைகள் இங்கே முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. அந்த முடிச்சை விளையாட்டிலும் போட்டுவிட்டேன், அவிழ்க்கத்தான் தெரியவில்லை.

நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்திலிருந்து ஓர் இணைப்புச் சாலை இறங்கி ஒரு ரவுண்டானாவைத் தொடுகிறது. அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நேரான பெரிய சாலை, அதன் இருபுறமும் குடியிருப்புத் தெருக்கள், நடுவில் கடைத்தெரு, கடைக்கோடியில் தொழிற்பேட்டை. மாசு வீடுகளைத் தொடக்கூடாது என்பதற்காகத் தொழிற்பேட்டையை ஊருக்கு அப்பால் தள்ளி வைத்தேன். மக்கள்தொகை 48,000 ஆனபோது போக்குவரத்து ஓட்டம் (வண்டிகள் எவ்வளவு தடையின்றி ஓடுகின்றன என்று விளையாட்டு காட்டும் அளவு) 61 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. நான்கு தடமாக இருந்த சாலையை ஆறு தடமாக்கினேன். ஒரு விழுக்காடுகூட ஏறவில்லை. நேற்று ஒரு மர ஆலையில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி புறப்பட்டு, ரவுண்டானாவுக்கு முன்னால் இருபது லாரிகளுக்குப் பின்னால் விளக்கைச் சுழற்றியபடியே நின்றது. ஆலை எரிந்து முடியும்வரை அங்கேயே நின்றது. என்னை இன்னும் குழப்புவது வேறொன்று: அந்த இருபது லாரிகளும் இடது ஓரத் தடத்தில் மட்டும் வரிசைகட்டி நிற்க, பக்கத்துத் தடங்கள் இரண்டும் காலியாகக் கிடந்தன. இது விளையாட்டின் குறையா, என் குறையா?

நான்கு ரோடு (தருமபுரி) எழுதியது:

பெரும்பாலும் உங்கள் குறைதான் நண்பரே. இங்கே பலரும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள் என்பதால் வருத்தப்பட வேண்டாம்.

முதலில் அந்தக் காலித் தடங்களைப் பற்றிச் சொல்கிறேன். இந்த விளையாட்டில் ஒரு வண்டி கிளம்பும்போதே போய்ச்சேரும் இடம்வரையிலான வழியை முடிவு செய்துவிடுகிறது. நடுவழியில் நெரிசலைப் பார்த்து மனம் மாற்றிக்கொள்வதில்லை. அடுத்து எங்கே திரும்ப வேண்டுமோ அதற்குரிய தடத்தை வெகு முன்னதாகவே பிடித்துக்கொண்டு, அதை விட்டு நகர மறுக்கிறது. உங்கள் லாரிகள் அனைத்தும் ஒரே இறக்கத்தில் இறங்கி ஒரே ரவுண்டானாவில் நுழைய வேண்டியவை. ஆகவே நீங்கள் ஆறு தடமல்ல, பத்துத் தடம் போட்டாலும் அவை அந்த ஒரு தடத்தில்தான் நிற்கும். நீங்கள் அகலப்படுத்தியது வரிசை நிற்கும் இடத்தை. வரிசை உருவாகும் இடம் அப்படியே இருக்கிறது.

சாலையை அகலப்படுத்தியதில் இன்னொரு தீங்கும் நேர்ந்திருக்கும். சிறிய தெருக்கள் பெரிய சாலையைத் தொடும் இடங்களில் விளையாட்டு தானாகவே சிக்னல் வைக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்குள் எத்தனை தெருக்களை அந்தச் சாலையில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். விளையாட்டு நிலத்தைப் பிரித்துக் காட்டும் சதுரக் கட்டங்களில் பத்துக்கு ஒரு தெரு என்று வைத்திருந்தால், ஒரு கட்டம் எட்டு மீட்டர் என்ற கணக்கில் எண்பது மீட்டருக்கு ஒரு சிக்னல். அதாவது ஒரு பச்சை விளக்கில் கிளம்பிய லாரி வேகம் எடுப்பதற்குள் அடுத்த சிவப்பு விளக்கு வந்துவிடும். அது நெடுந்தூரச் சாலையுமல்ல, தெருவுமல்ல. இரண்டின் தொல்லையும் சேர்ந்த ஒன்று.

எதையும் இடிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 2017இல் மாஸ் டிரான்சிட் என்ற கூடுதல் தொகுப்பு வெளிவந்தபோது, அதை வாங்காதவர்களுக்கும் சேர்த்து, ஒரு சாலையைச் சொடுக்கினால் அதன் வழியே செல்லும் வண்டிகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று காட்டும் வசதியை இலவசமாகக் கொடுத்தார்கள். சிக்னலை எடுக்கவும், நிறுத்தப் பலகை வைக்கவும் அதே இடத்தில் வழி இருக்கிறது. ரவுண்டானாவுக்கு முந்தைய துண்டைச் சொடுக்கிப் பார்த்துவிட்டு, கோடுகள் எங்கே போய் முடிகின்றன என்று இங்கே எழுதுங்கள். பாதிக்கு மேல் தொழிற்பேட்டையில் முடிந்தால், உங்கள் ஊருக்கு வேண்டியது அகலமான சாலை அல்ல.

மாந்தோப்பு எழுதியது:

பார்த்தேன். பாதி அல்ல, முக்கால் பங்கு தொழிற்பேட்டையில் முடிகிறது. தெருக்களையும் எண்ணினேன், இருபுறமும் சேர்த்து 41. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஊத்தங்கரையான் எழுதியது:

தம்பி, முன்னவர் சொன்ன தெருக் கணக்கு சரியானது. ஆனால் அதில் தொடங்காதீர்கள். 41 தெருக்களை ஐந்தாகக் குறைத்தாலும், ஊரின் ஒரு முனையில் இறங்கி மறுமுனைக்குப் போக வேண்டிய லாரி ஊருக்குள் புகுந்துதான் போகும். தொழிற்பேட்டையைத் தள்ளி வைத்த எண்ணம் நல்லது. நெடுஞ்சாலையிலிருந்தும் தள்ளி வைத்துவிட்டீர்கள், அதுதான் தவறு. விளையாட்டில் தொழிற்சாலை மூலப்பொருளை வரவழைக்கிறது, செய்த சரக்கைக் கடைகளுக்கும் வெளியூருக்கும் அனுப்புகிறது. இந்த மூன்று பயணமும் உங்கள் கடைத்தெருவின் நடுவே நடக்கின்றன.

நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. ஓசூரிலிருந்து தருமபுரிக்கு வருபவர் கிருஷ்ணகிரியைச் சுற்றி 44இல் வரலாம். இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக 844இல் குறுக்கேயும் வரலாம். முடிச்சைத் தொட வேண்டிய தேவை இல்லாதவருக்கு முடிச்சைத் தொடாத ஒரு வழி. அதையே செய்யுங்கள். ரவுண்டானாவுக்கு மூன்று கிலோமீட்டர் முன்பே நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிளை பிரித்து, ஊருக்கு வெளியே வளைத்து, தொழிற்பேட்டையின் பின்வாசலில் கொண்டுபோய் விடுங்கள். நெடுஞ்சாலை வகைச் சாலையையே பயன்படுத்துங்கள். அதன் ஓரத்தில் கட்டடம் முளைக்காது. ஆகவே ‘நாலு கடை போட்டுக்கொள்ளலாமே’ என்ற சபலம் உங்களுக்கும் வராது.

பின்வாசல் என்று சொல்லும்போது கவனிக்க வேண்டிய ஒன்று. மாம்பழப் பருவத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கூழ் ஆலையின் முன்னால் டிராக்டர்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆலைக்குள் நிறைய இடம் இருக்கும். ஆனால் எடைமேடை வாசலை ஒட்டியே இருப்பதால், ஒரு வண்டி எடை போடப்படும் நேரத்தில் பின்னால் நாற்பது வண்டிகள் தார்ச்சாலையில் நிற்கும். பள்ளிப் பேருந்து அந்த வரிசையைக் கடக்கப் படாத பாடு படும். வாசலிலிருந்து இருநூறு மீட்டர் உள்ளே எடைமேடை இருந்திருந்தால் அத்தனை வண்டிகளும் ஆலைக்குள்ளேயே நின்றிருக்கும். விளையாட்டிலும் கிளைச்சாலை முடிந்தவுடனே முதல் குறுக்குத்தெருவை வைக்காதீர்கள். தெருவே சேராத ஒரு நீளமான நுழைவுச் சாலையை விட்டுவிட்டு, அதன் பிறகு தெருக்களைப் பிரியுங்கள். வரிசை வரத்தான் செய்யும். அது நெடுஞ்சாலைக்கு வழியாமல் அங்கேயே நிற்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. யூடியூபில் காட்டும் சந்திப்புகளில் பெரும்பாலானவை வலப்புறம் செல்லும் நாட்டுக்காரர்கள் போட்டவை. நகரத்தைத் தொடங்கும்போதே இடப்புறப் போக்குவரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பது, லாரிகள் இடது ஓரத்தில் நின்றதிலிருந்து தெரிகிறது. அவர்கள் ‘இடப்பக்கம் திரும்புவதைத் தவிருங்கள்’ என்றால் நமக்கு அது வலப்பக்கம். நம் ரவுண்டானா வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். அவர்களுடைய வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போடாவிட்டால், எதிரெதிரே இறங்கும் இணைப்புச் சாலைகளை நீங்களே கட்டிவிடுவீர்கள். நான் கட்டியிருக்கிறேன்.

கணவாய் எழுதியது:

டிராஃபிக் மேனேஜர்: பிரசிடென்ட் எடிஷன் என்ற மோட் (விளையாடுபவர்களே உருவாக்கிய இணைப்பு நிரல்) இருந்தால் லாரிகளுக்குச் சில தெருக்களைத் தடை செய்யலாம், தடங்களுக்குத் தனித்தனி அம்புக்குறி போடலாம். கணினியில் விளையாடுகிறவர் என்றால் இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் வழக்கமான விளையாட்டில் நெடுநேரம் நகராமல் நிற்கும் வண்டிகள் தாமாகவே மறைந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். அந்த மோடில் மறைவதை நிறுத்திவைத்தால் உண்மையான நெரிசல் தெரியும். உங்களுடைய 61 விழுக்காடும் பூசி மெழுகிய எண்தான்.

மாந்தோப்பு எழுதியது (ஒன்பது நாள் கழித்து):

மூவருக்கும் நன்றி. மோட் இல்லாமலே முயன்று பார்த்தேன். ஊத்தங்கரை அண்ணன் சொன்ன கிளைச்சாலையை முதலில் போட்டேன். திறந்த உடனே எதுவும் மாறவில்லை. ஏற்கெனவே கிளம்பியிருந்த லாரிகள் பழைய வழியிலேயே வந்ததுதான் காரணம் என்று புரியச் சற்று நேரம் ஆனது. அவை தீர்ந்த பிறகு பெரிய சாலை கண்ணெதிரே காலியாயிற்று. ஓட்டம் 74க்கு ஏறியது.

பிறகு தெருக்களில் கை வைத்தேன். பெரிய சாலையைத் தொடும் இடங்களை 41இலிருந்து ஆறாகக் குறைத்தேன். வீடுகளை இடிக்க நேரவில்லை. தெருவின் வாயை மட்டும் வெட்டிவிட்டு, உள்ளே இணையாக ஒரு சேகரிப்புச் சாலை போட்டு அதில் சேர்த்தேன். வெட்டிய இடங்களில் நடைபாதை போட்டு, பெரிய சாலைக்கு மேலே இரண்டு நடைமேம்பாலங்கள் கட்டினேன். இதற்கு இவ்வளவு பயன் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பாதை இருந்தால் இந்த ஊர் மக்கள் எவ்வளவு தூரமானாலும் நடக்கிறார்கள்; மாலையில் அந்த நடைமேம்பாலத்தில் சாரிசாரியாக மனிதர்கள் போவதை வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது 83.

இரண்டு சந்தேகங்கள் பாக்கி. நம் ஊருக்கு ரயில் இல்லை என்ற குறையைத் தீர்க்க ஒரு சரக்கு ரயில் நிலையம் கட்டினேன். இப்போது தண்டவாளத்தில் ரயில்கள் வரிசை நிற்கின்றன. அடுத்து, பிணவண்டிகள் திடீரென்று போதாமல் போய்விட்டன. கிளைச்சாலையால்தானா?

நான்கு ரோடு எழுதியது:

ரயில் விஷயம் எளிது. வெளியூரிலிருந்து வரும் சரக்கு ரயில்கள் பல நேரம் பெட்டி நிறையாமலே வருகின்றன. உள்ளூர் ரயிலும் அவையும் ஒரே தண்டவாளத்தில் நின்றால் அடைத்துக்கொள்ளும். வெளியூருக்கு ஒரு நிலையம், உள்ளூருக்கு ஒரு நிலையம் என்று பிரித்து, இரண்டின் தண்டவாளங்களையும் இணைக்காமல் விடுங்கள்.

பிணவண்டிக்கும் சாலைக்கும் தொடர்பில்லை. குடியிருப்பை ஒரே மூச்சில் பெரிதாகத் திறந்திருப்பீர்கள். ஒன்றாகக் குடிவந்தவர்கள் ஏறத்தாழ ஒரே வயதினர். ஒன்றாகவே மூப்படைந்து ஒன்றாகவே இறக்கிறார்கள். தற்காலிகமாக இரண்டு தகனக்கூடம் கூடுதலாக வைத்து இந்த அலையைக் கடத்துங்கள். அடுத்த குடியிருப்பைத் தவணை தவணையாகத் திறங்கள்.

மாந்தோப்பு எழுதியது:

ஆம், சேகரிப்புச் சாலை போட்ட உற்சாகத்தில் ஒரே நாளில் நான்கு குடியிருப்புப் பகுதிகளைத் திறந்தேன். தகனக்கூடத்தைக் கிளைச்சாலைக்குப் பக்கத்திலா, ஊருக்குள்ளேயா வைப்பது நல்லது?

ஊத்தங்கரையான் எழுதியது:

ஊருக்குள்ளே, சேகரிப்புச் சாலையில் வையுங்கள் தம்பி. பிணவண்டி போக வேண்டியது வீட்டு வாசலுக்கு. கிளைச்சாலையில் வைத்தால் அது தொழிற்பேட்டையைச் சுற்றிக்கொண்டு வரும்.