சிமுலேட்டரில் இன்ஜின் போன கதைகள்: உங்களுடையதைச் சொல்லுங்கள்

கம்பத்துக்காரன்:

டிசிஎஸ் விமான சிமுலேட்டரில் மஸ்டாங் போர் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டாவது வரியிலேயே விஷயம் புரிந்துவிடும். போன சனிக்கிழமை ராத்திரி, எதிரில் ஒரு 109 கே-4, ஜெர்மன் போர் விமானம். மாறி மாறித் திரும்பித் திரும்பி வேகம் 150 மைலுக்கு இறங்கிவிட்டது. மூக்கைத் தூக்கியபடியே இன்ஜினுக்குள் போகும் காற்றழுத்தத்தை 67 அங்குலத்தில், அதாவது முழு பவரில் வைத்திருந்தேன். ரேடியேட்டர் வயிற்றுக்கடியில் இருக்கிறது, இந்த வேகத்தில் அதற்குக் காற்று போதாது. தெரியும். ஆனால் கண் முழுக்க அவன் வால் மேல்.

பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். முப்பது வருஷம் குமுளி மலைப்பாதையில் காய்கறி லோடு ஏற்றிப் போனவர். லோயர் கேம்ப் தாண்டினால் ஏற்றம், எத்தனை தடவை வண்டியை ஓரங்கட்டித் தண்ணீர் ஊற்றியிருப்பார் என்று அவருக்கே கணக்கு இருக்காது. விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. "டேய், கொதிக்குதுடா. ஊசியப் பாரு" என்றார். கூலன்ட் ஊசி 121 டிகிரி சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. "இருங்கப்பா, ஒரு நிமிஷம்" என்றேன்.

அந்த ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. வெள்ளையாக ஆவி, அப்புறம் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம், அப்புறம் புரொப்பெல்லர் நின்றுவிட்டது. நான்கு பிளேடில் ஒன்று கண்ணாடிக்கு நேர் எதிரே செங்குத்தாக நின்றது. ஹெட்போனில் காற்றுச் சத்தம் மட்டும். திரும்பிப் பார்த்தேன், அப்பா உள்ளே போய்விட்டிருந்தார். இன்னும் மனசு கேட்கவில்லை.

புத்தூர் தண்டர்போல்ட்:

அண்ணா, அதனால்தான் நான் பி-47-ஐ விட்டு இறங்குவதே இல்லை. அதன் இன்ஜின் ஆர்-2800, வட்டமாக அடுக்கிய 18 சிலிண்டர் கொண்ட ரேடியல், காற்றிலேயே குளிரும், தண்ணீர்ப் பேச்சே கிடையாது. போரில் சிலிண்டரே உடைந்துபோய் வீடு திரும்பிய விமானங்கள் உண்டு. ஆனால் எனக்கு நடந்தது வேறு. நான் முன்பு ஓட்டிய ஒரு சிமுலேட்டரில் (பெயர் வேண்டாம்) ஒரே ஒரு குண்டு பட்டது, இன்ஜின் அந்த நொடியே அணைந்தது. ஆயில் பிரஷர் இறங்கவில்லை, சத்தம் மாறவில்லை. விளக்கை அணைத்த மாதிரி. இன்ஜின் மொத்தத்துக்கும் ஒரே ஒரு எண் வைத்து, அடி விழ விழ அதைக் கழித்துக்கொண்டே வருகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ரேடியல் இன்ஜின் அப்படிச் சாகாது அண்ணா.

செங்கோட்டை 109:

புத்தூர் தம்பி, ரேடியலும் சாகும். சிலிண்டர் போனால் தாங்கும், சரி. ஆயில் கூலரில் ஓட்டை விழுந்தால்? ஆயில் முழுக்க ஒழுகின பிறகு 18 சிலிண்டர் இருந்து என்ன பிரயோஜனம்? மஸ்டாங்கின் மெர்லின் இன்ஜினுக்குக் கூலன்ட் எப்படியோ, உங்கள் வண்டிக்கு ஆயில் அப்படி. ஒரே எண்ணில் கழிப்பது தப்பு என்பதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

என்னை உறுத்துவது நேரக்கணக்கு. எந்த சிமுலேட்டர் என்று சொல்லத் தேவையில்லை. 109 எஃப்-4, 1.42 அட்டா (ஜெர்மன் விமானங்களில் இன்ஜின் காற்றழுத்த அளவு), அதில் ஒரு நிமிஷம்தான் அனுமதி. துரத்திக்கொண்டு போகிறேன், 200 மீட்டர் தூரம், விரல் டிரிகரில். ஆயில், தண்ணீர் இரண்டு ஊசியும் நல்ல இடத்தில். நேரம் முடிந்தது, கொஞ்ச நேரத்தில் இன்ஜின் போச்சு. எதனால்? நிஜத்தில் கையேட்டில் போட்ட 5 நிமிஷம், 1 நிமிஷம் எல்லாம் இன்ஜின் ஆயுளைக் காப்பாற்றப் போட்ட வரம்பு. தாண்டினால் தேய்மானம் கூடும், ஆபத்து கூடும். கடிகாரத்தைப் பார்த்து உடையாது. கம்பத்து அண்ணனுக்கு நடந்தது நியாயமான சாவு, சூட்டினால் செத்தது. எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

கொழிஞ்சாம்பாறை:

எனக்கும் ஒரு தடவை மஸ்டாங் டேக்-ஆஃபிலேயே போயிருக்கிறது, ஆயில் சூடாகும் முன்பே கிளம்பிவிட்டேன். அதை விடுங்கள். எல்லாரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயில் 40, கூலன்ட் 60 டிகிரி வராமல் ஓடுபாதைக்குப் போகாதீர்கள். பவர் கூட்டும்போது முதலில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று), பிறகு த்ராட்டில். குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு ஆர்பிஎம். மாற்றிச் செய்தால் குறைந்த சுற்றில் அதிக அழுத்தம் ஏறி உள்ளே வெடி தட்டும், பிஸ்டன் ஓட்டையாகும். 61 அங்குலத்தில் அதிகபட்சம் 15 நிமிஷம், 67 அங்குலத்தில் 5 நிமிஷம். மற்ற நேரமெல்லாம் 46 அங்குலம், 2700 சுற்று. சண்டையில்லாத நேரத்தில் இதற்கு மேல் போக ஒரு காரணமும் இல்லை. ஏறும்போது 170 மைலுக்குக் கீழே விடாதீர்கள். தலைகீழாக 10 செகண்டுக்கு மேல் பறக்காதீர்கள், ஆயில் பிரஷர் போய்விடும். கம்பத்துத் தம்பி, ஊசி 110 தாண்டும்போதே மூக்கை இறக்கியிருந்தால் காற்று ஏறி சூடு தானாக இறங்கியிருக்கும். எதிரி எங்கேயும் போய்விட மாட்டான்.

செங்கோட்டை 109:

அண்ணே, சண்டையில் மூக்கை இறக்கினால் அவன் முதுகில் ஏறிவிடுவான். கே-4-இல் பவர் கூட்ட இன்ஜினுக்குள் தண்ணீரும் மெத்தனாலும் பாதிப் பாதி கலந்து அடிக்கிறார்கள், நின்ற இடத்திலிருந்து மேலே ஏறுவான். அவர் அனுபவத்தைச் சொன்னார், பாடம் கேட்கவில்லை.

கம்பத்துக்காரன்:

பரவாயில்லை, இரண்டு அண்ணன்களும் சொன்னது சரிதான். நேற்று அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். 115-இல் "இப்ப விடு" என்றார், விட்டேன். எதிரி தப்பிவிட்டான், ஊசி மெல்ல இறங்கியது. அது இறங்குகிற வரைக்கும் அப்பா கண்ணை எடுக்கவில்லை. "மலையில பானெட்டத் தொறந்து அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் மூடியத் தொடுவேன். இதுல தண்ணி எங்கடா ஊத்துவ?" என்று கேட்டார். தரையில் இறங்கினால்தான் முடியும்பா என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.