அனுபவப் பகிர்வு: அமெரிக்கப் பள்ளிக் கால்பந்தும் தனியார் பள்ளிகளின் ஆள்சேர்ப்பும்

முதல் பதிவு: கேன்டன், ஒஹாயோ

2023 நவம்பர் 30 அன்று இரவு, கேன்டன் நகரின் டாம் பென்சன் ஹால் ஆஃப் ஃபேம் ஸ்டேடியத்தில், என்னுடன் பணிபுரியும் மாசிலன் ஊர்க்காரர் ஒருவரின் அருகில் அமர்ந்து, ஒஹாயோ உயர்நிலைப் பள்ளி அமெரிக்கக் கால்பந்தின் இரண்டாம் பிரிவு (மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளிகள் பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றன) இறுதிப் போட்டியைப் பார்த்தேன். மாசிலன் வாஷிங்டன் என்ற அரசுப் பள்ளி, ஆக்ரன் நகரின் ஆர்ச்பிஷப் ஹோபன் என்ற கத்தோலிக்கப் பள்ளியை 7-2 என்ற கணக்கில் வென்றது. மாசிலனுக்கு ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டு சேர்ப்பது, ஆறு புள்ளிகள்), அதற்கான கூடுதல் புள்ளி ஒன்று; எதிரணிக்கு ஒரு சேஃப்டி (பந்து வைத்திருக்கும் அணியை அதன் சொந்தக் கோட்டுக்குப் பின்னால் மடக்குவது, இரண்டு புள்ளிகள்). அந்த ஆட்டத்தின் புள்ளிகள் அவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும், அறுபது வயதைக் கடந்த அந்த மனிதர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அவர் அழுததன் காரணத்தைத் திரும்பும் வழியில் விளக்கினார். மாசிலன், ஆண் குழந்தை பிறந்தால் மருத்துவமனையிலேயே ஒரு சிறிய கால்பந்தைப் பரிசளிக்கும் ஊர். 1932 முதல் 1940 வரை அங்கே பயிற்சியாளராக இருந்த பால் பிரவுனின் பெயரைத்தான் அவ்வூர் மைதானம் தாங்கியிருக்கிறது. ஆனால் 1972இல் மாநில அளவிலான வெளியேற்றச் சுற்றுகள் தொடங்கிய பிறகு, அந்தப் பள்ளி ஒருமுறைகூடக் கோப்பையை வென்றிருக்கவில்லை. 1980, 1982 ஆகிய ஆண்டுகளில் சின்சினாட்டியின் மோலர் பள்ளியிடமும், 2005இல் அதே நகரின் செயின்ட் சேவியரிடமும், 2018இலும் 2020இலும் ஹோபனிடமும், இடையே 2019இல் சின்சினாட்டியின் லா சாலிடமும் இறுதிப் போட்டிகளில் தோற்றது. ஆறு தோல்விகள், ஆறும் கத்தோலிக்கப் பள்ளிகளிடம்.

அப்பள்ளிகள் விதியை மீறின என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நல்ல பயிற்சியும் கட்டுப்பாடும் அவற்றிடம் உண்டு என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அவருடைய ஆதங்கம் எல்லையைப் பற்றியது. அரசுப் பள்ளி பெரும்பாலும் தன் ஊரில் வளர்ந்த பிள்ளைகளைக் கொண்டே அணி அமைக்கிறது. தனியார் பள்ளிக்கோ பெற்றோர் கார் ஓட்டி வரத் தயாராக இருக்கும் தூரம்தான் எல்லை. இந்தக் குறையை ஒஹாயோ மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கமும் உணர்ந்திருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் தனித்தனிக் கோப்பை வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகள் நடந்த பின், 2017 முதல், அணியில் உள்ளவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதைக் கணக்கிட்டு, வெளியிலிருந்து வந்தவர்களுக்காகப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையில் கூடுதலாகச் சேர்த்து, அதன்படி பிரிவை முடிவு செய்கிறார்கள். இது நியாயமான வழி என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் கூட்டல் கணக்கால் ஒரு பள்ளியை மேல்பிரிவுக்கு நகர்த்த முடியுமே தவிர, ஐம்பது மைல் சுற்றளவில் உள்ள சிறந்த பதினான்கு வயதுப் பையன்கள் ஒரே வாசலில் வந்து சேர்வதைத் தடுக்க முடியாது.

உங்கள் பகுதியில் இது எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: கிளீவ்லாந்து புறநகர்

நான் அந்த வாசல் வரை சென்று உள்ளேயும் போன ஒரு தாய். என் மகன் சிறுவயது முதல் சாக்கர் (நம் ஊரில் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம்) ஆடியவன். ஏழாம் வகுப்பில் அவனுடைய உதையைப் பார்த்த உடற்கல்வி ஆசிரியர் அவனை அமெரிக்கக் கால்பந்தில் பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கராக ஆக்கினார். எட்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்தில், ஆட்டம் முடிந்து நாங்கள் காருக்குத் திரும்பும்போது, ஒருவர் மிகவும் மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தார். தாம் பயிற்சியாளர் அல்லர், ஒரு தனியார் பள்ளியில் படித்த மாணவரின் தந்தை மட்டுமே என்றார். விளையாட்டுக்காக மாணவரை இழுப்பதை மாநிலச் சங்கம் தடை செய்திருப்பதால், இத்தகைய பேச்சுகள் பயிற்சியாளரின் வாயிலிருந்து வருவதில்லை என்பதை நான் பின்னரே புரிந்துகொண்டேன். உயர்நிலைப் பள்ளி தொடங்கும் ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் அது இடமாற்றமாகக் கருதப்படாது. ஆகவேதான் பேச்சு முழுவதும் எட்டாம் வகுப்பிலேயே நடக்கிறது.

அப்பள்ளி மாணவர் ஒருவருடன் ஒரு நாள் முழுவதும் வகுப்பறைகளில் இருக்கும் 'ஷேடோ டே'க்கு அவனை அழைத்தார்கள். நூலகமும் ஆய்வுக்கூடமும் எங்களைக் கவர்ந்தன; நிதியுதவி தாராளமாக இருந்தது. முதல் ஆண்டு நன்றாகவே சென்றது. இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன் பயிற்சியாளர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார், புதியவர் தமக்குத் தெரிந்த வேறொரு கிக்கரைக் கொண்டுவந்தார், எங்களுக்கான நிதியுதவி பாதியாகக் குறைந்தது. மகனை எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கே திரும்ப அழைத்து வந்தோம். இடமாற்ற விதியின்படி அவன் பருவத்தின் முதல் பாதியில் மட்டுமே ஆட முடிந்தது. பிற்பாதியையும் வெளியேற்றச் சுற்றுகளையும் சீருடை இல்லாமல் பக்கவாட்டுக் கோட்டருகே நின்று பார்த்தான். விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அழைத்தவர்களுக்கு எந்த இழப்பும் நேரவில்லை. முடிவெடுத்த பெரியவர்களுக்காகப் பதினாறு வயதுப் பிள்ளைதான் விலை கொடுத்தான்.

மறுமொழி: நாஷ்வில் அருகில், டென்னசி

எங்கள் மாநிலத்தில் இதே விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை இரண்டு முறை சென்றது. 1997இல், பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர், அப்பள்ளியில் சேர ஏற்கெனவே ஒப்பந்தம் செய்திருந்த எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, வசந்தகாலப் பயிற்சிக்கு வரலாம் என்று கடிதம் எழுதி, 'உங்கள் பயிற்சியாளர்' என்று கையெழுத்திட்டிருந்தார். இது ஆள்சேர்ப்புத் தடையை மீறியது என்று மாநிலச் சங்கம் 3,000 டாலர் அபராதமும், நான்கு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் இரண்டு ஆண்டு வெளியேற்றச் சுற்றுத் தடையும் விதித்தது. தன் பேச்சுரிமை மீறப்பட்டதாகப் பள்ளி வழக்குத் தொடர்ந்தது. சங்கத்தின் செயல் அரசின் செயலுக்கு நிகரானது, ஆகவே அரசியலமைப்பு உரிமைகள் அதையும் கட்டுப்படுத்தும் என்று 2001இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கடிதத்துக்காகத் தண்டித்தது பேச்சுரிமை மீறல் ஆகாது என்று 2007இல் தீர்ப்பளித்தது.

என் மகனுக்கு வேறொரு பள்ளியிலிருந்து கோடைக்கால முகாமுக்கு அழைப்பு வந்தபோது, இந்த வழக்கை அறிந்திருந்ததால் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: முகாமுக்கு வராதவனுக்கும் அணித் தேர்வில் சம வாய்ப்பு உண்டா? அதன் பிறகு அவர்களிடமிருந்து அழைப்பு வரவில்லை.

மறுமொழி: கிளீவ்லாந்து புறநகர்

உங்கள் பதிவைப் படித்ததும், எங்களுக்கு வந்த நிதியுதவிக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். உதவி ஓராண்டுக்கு மட்டும் என்றும், ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யப்படும் என்றும் இரண்டாம் பக்கத்தில் தெளிவாகவே இருக்கிறது. நான்கு ஆண்டுகள் என்று வாய்மொழியாகச் சொன்னவர் காரருகே பேசிய அந்தத் தந்தை. அவருடைய பெயர் அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை.