லூப் கெயினின் ஃபேஸ் ஆங்கிள்: எனக்கு +3.6, விடைப் பகுதியில் −176.4

கேள்வி (கடலூர் முதுநகர், இ.சி.இ. மாணவன்)

வணக்கம். ஃபீட்பேக் ஆம்ப்ளிஃபயர் கணக்கு ஒன்று. லூப் கெயின் (சிக்னல் ஃபீட்பேக் வழியாக ஒரு சுற்று வரும்போது கிடைக்கும் பெருக்கம்) குறைந்த அதிர்வெண்ணில் 100. போல்கள் (கெயின் இறங்கத் தொடங்கும் அதிர்வெண்கள்) 10 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோஹெர்ட்ஸ், 1 மெகாஹெர்ட்ஸ். 300 கிலோஹெர்ட்ஸில் ஃபேஸ் ஆங்கிள் வேண்டும். லூப் கெயின் சூத்திரத்தில் எஸ் இருக்கும் இடத்தில் ஜே ஒமேகா போட்டு, பின்னத்தின் கீழே போலுக்கு ஒன்றாக உள்ள மூன்று அடைப்பையும் பெருக்கினால் −98.9 + ஜே 6.3 வருகிறது. டேன் இன்வர்ஸ் போட்டால் −3.6. பின்னத்தின் பகுதியில் (கீழே) இருப்பதால் குறி மாறி +3.6. புத்தகத்தில் −176.4. திங்கட்கிழமை இன்டர்னல், யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1

பெருக்கல் சரிதான். ரியல் மைனஸ், இமாஜினரி பிளஸ் என்றால் இரண்டாம் கால்வட்டம். டேன் இன்வர்ஸ் −90க்கும் +90க்கும் நடுவில்தான் விடை தரும். 180 கூட்டுங்கள்: 176.4. அது பகுதியின் கோணம், எனவே −176.4.

பதில் 2 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி, ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ்)

தம்பி, பெருக்கவே பெருக்காதே. ஒவ்வொரு போலுக்கும் தனித்தனியாக டேன் இன்வர்ஸ் போடு. 300ஐ 10ஆல் வகுத்தால் 30, அதற்கு 88.1. அடுத்தது 3, அதற்கு 71.6. கடைசி 0.3, அதற்கு 16.7. கூட்டினால் 176.4, பகுதியில் இருப்பதால் −176.4. கால்வட்டத் தொல்லையே இல்லை.

அந்த எண் என்ன சொல்கிறது என்றும் பார். 300 கிலோஹெர்ட்ஸில் லூப் கெயின் ஏறத்தாழ 1. கெயின் 1 ஆகும் இடத்தில் ஃபேஸ் −180ஐத் தொட்டால் சர்க்யூட் தானாக ஆடும் (ஆஸிலேட் ஆகும்); அதற்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதே ஃபேஸ் மார்ஜின். இங்கே அது வெறும் 3.6 டிகிரி. +3.6 என்று எழுதியிருந்தால் மார்ஜின் 183.6 ஆகி, ஆடப்போகிற சர்க்யூட்டை அசையாத சர்க்யூட் என்று சொல்லியிருப்பாய். மாசி மக சமயத்தில் வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் பக்கமிருந்து செட் வரும். "பாட்டே போடவில்லை, ஹீட் சிங்க் கொதிக்குது" என்பார்கள். ஆஸிலோஸ்கோப்பில் வைத்தால் கோடு மெல்லிய கோடாக இருக்காது, பட்டையாகத் தடித்திருக்கும். காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆடுகிறது. பல செட்களில் வோல்டேஜ் ஆம்ப்ளிஃபயர் ட்ரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே உள்ள சின்ன பிகோஃபாரட் கெபாசிட்டர் போயிருக்கும். முதல் போலை அடியில் இழுத்துப் பிடிப்பதே அதுதான். உன் கணக்கில் 10 கிலோஹெர்ட்ஸ் போலை 1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பார்.

கேள்வி கேட்டவர்

போட்டேன் அண்ணா. கெயின் 1 ஆகும் இடம் 78.5 கிலோஹெர்ட்ஸ். 89.3, 38.1, 4.5, மொத்தம் 131.9. மார்ஜின் 48.

பதில் 2

சரி. 45க்கு மேல் வந்துவிட்டது, 60 என்றால் இன்னும் நல்லது. போலை 500 ஹெர்ட்ஸுக்கு இறக்கி இன்னொரு முறை போடு.