அலுமாரி லாச்சிக்குள் கிடந்த காது மெஷின்: உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

அப்பாவுக்கு 76 வயது. அவருக்கு வாங்கிய காது மெஷின் இரண்டும் எட்டு மாதம் அலுமாரி லாச்சிக்குள் கிடந்தன. விற்றவர் பத்து நிமிடம் பார்த்தார், பெட்டியைக் கையில் தந்தார், பில் போட்டார், அவ்வளவுதான். வீட்டில் போட்டால் விசில் அடிக்கும். குசினியில் கரண்டி விழுந்தால் அப்பா காதைப் பொத்திக்கொண்டு எழும்பிவிடுவார். "எனக்கு இது சரிவராது பிள்ளை" என்று கழற்றி வைத்தவர் பிறகு தொடவேயில்லை. நாங்களும் மெஷின்தான் கூடாது என்று நினைத்துவிட்டோம்.

போன வருடம் தெரிந்த ஒருவர் சொல்லி, பம்பலப்பிட்டியில் இருக்கும் ஒரு செவிப்புலன் கருவி நிபுணரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அன்று அவர் டெஸ்ட் எடுக்கவே இல்லை. லைற் பிடித்துக் காதுக்குள் பார்த்தவர், வலது காதைக் குறும்பி அடைத்திருக்கிறது, அதை எடுப்பது காது மூக்கு தொண்டை டொக்டரின் வேலை, எடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். காசும் வாங்கவில்லை. எனக்கு அவரில் நம்பிக்கை வந்தது அந்த நிமிடத்தில்தான்.

அடுத்த முறை கண்ணாடி அறைக்குள் இருத்தி, சத்தம் கேட்கும் போதெல்லாம் பட்டனை அமத்தச் சொன்னார். வந்த வரைபடத்தில் கோடு 1,000 ஹேர்ட்ஸ் (சத்தம் எவ்வளவு கீச்சென்று இருக்கிறது என்பதன் அளவு) வரை ஓரளவு நேராக வந்து, 2,000க்கு மேலே மலைச்சரிவு மாதிரி இறங்கியது. வயதுபோனவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான், கீச்சென்ற மேல் சத்தங்கள் முதலில் போய்விடும் என்றார். குரல் கேட்கும், சொல் விளங்காது. "கேட்குது, ஆனா என்ன சொல்றீங்க எண்டு தெரியேல்ல" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்ததன் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

நிபுணர் சிங்களவர், தமிழ் நன்றாகவே கதைப்பார். ஆனாலும் சொல் விளங்குகிறதா என்று பார்க்கும் நேரம் என்னைத்தான் சொல்லச் சொன்னார், வீட்டில் அப்பா கேட்பது உங்கள் குரலைத்தானே என்று. அப்பாவின் பின்னால் நின்றுகொண்டு வழக்கமான சத்தத்தில் சொன்னேன்: பால், கால், வால். அப்பா மூன்றுக்கும் "கால்" என்றார். கத்தி, பத்தி என்றேன். இரண்டுக்கும் "பத்தி". முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறார் என்று எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறோம்.

அவர் புது மெஷின் வாங்கச் சொல்லவில்லை. பழையதைக் கணினியில் இணைத்துப் பார்த்துவிட்டு, மெஷினில் குறையில்லை, உங்கள் காதுக்கு ஏற்ற மாதிரி அமைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றார். விசிலுக்குக் காரணம் காதுக்குள் போகும் மோல்ட் பொருந்தாமல் சத்தம் வெளியே கசிந்து திரும்பவும் மைக்குக்குள் போவது. நூல் கட்டிய சின்னப் பஞ்சை முதலில் உள்ளே வைத்து, ரோஸ் நிறப் பசையை ஊசிக்குழாயால் காதுக்குள் விட்டு, இறுகிய பிறகு மெதுவாக உருவி எடுத்தார். காதின் அச்சு அப்படியே வந்தது. அதைக் கொடுத்துப் புது மோல்ட் செய்தார்கள்.

மோல்ட் வந்ததும், மெஷினைப் போட்டபடியே மயிர் போன்ற ஒரு குழாயைக் காதுக்குள் விட்டு, செவிப்பறைக்குப் பக்கத்தில் எவ்வளவு சத்தம் போய்ச் சேருகிறது என்று அளந்து அளந்து திருத்தினார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "வீடு கடல் பக்கமா, காலி வீதிப் பக்கமா?" கடல் பக்கம், ரயில் பாதைக்குக் கிட்ட என்றேன். உடனே திரும்பவும் அளந்து, திடீரென்று வரும் பெரிய சத்தம் எங்கே நிற்கவேண்டும் என்ற எல்லையைக் குறைத்தார். முழுச் சத்தத்தையும் முதல் நாளே வைக்கவில்லை, நாலு முறை வரச்சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். எங்கே விளங்கவில்லை என்று கொப்பியில் எழுதிவரச் சொன்னார். அப்பா ஒழுங்காக எழுதினார்: "மீன்காரர் சொன்ன விலை." "பேத்தி வேகமாகக் கதைத்தது."

கொழும்புப் புழுக்கத்துக்கு ஒன்று சொல்லவேண்டும். மெஷினையும் மோல்டையும் இணைக்கும் குழாய்க்குள் வியர்வைத் துளி நின்றாலே சத்தம் அடைபடும். இரவில் பற்றரியை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் மெஷினை வையுங்கள். புதுப் பற்றரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் போடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதைக் கண்ணில் படவே வைக்காதீர்கள், விழுங்கினால் ஆபத்து.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எங்கள் வீட்டிலும் லாச்சிக் கதைதான். அமெரிக்காவில் இருக்கும் அக்கா அம்மாவுக்கு ஒரு சோடி அனுப்பினா. அங்கே 2022 ஒக்டோபரிலிருந்து வயதுவந்தவர்கள் டொக்டரின் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாமாம். இங்கே டெஸ்ட் எடுத்தபோது, அந்த வகை லேசான, நடுத்தரக் குறைபாட்டுக்குத்தான், அம்மாவுக்கு அதைவிடக் கூட என்று நிபுணர் சொன்னார். இத்தனை நாளும் அக்கா மனம் நோகக்கூடாதென்று, வீடியோ கோல் வரும்போது மட்டும் அம்மா அதை எடுத்து மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறா.

தெஹிவளையிலிருந்து:

என்னுடையது வேறு மாதிரி. ஒரு காலை எழும்பும்போது இடது காது அடைத்துப்போய், உள்ளே ஓர் இரைச்சல். தண்ணீர் போயிருக்கும் என்று ஒரு நாள் விட்டுவிட்டேன். அடுத்த நாள் காது மெஷின் கொடுக்கும் இடம் ஒன்றுக்குப் போனேன், டெஸ்ட் செய்து பார்க்கலாமே என்று. அங்கிருந்தவர் வரைபடத்தைப் பார்த்தார், "எப்போதிலிருந்து?" என்றார். நேற்றிலிருந்து என்றதும் பேனையை வைத்துவிட்டார். "இது நான் பார்க்கிற விஷயமில்லை, இன்றைக்கே டொக்டரிடம் போங்கள்" என்று வரைபடத்தையும் ஒரு கடிதத்தையும் கையில் தந்து, த்ரீவீல் பிடிக்கும் வரை வாசலில் நின்றார். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் ஸ்டீரொயிட் மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று டொக்டர் சொன்னார். எனக்கு முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் போனைக் காதில் வைத்துக் கதைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அவர் நினைத்திருந்தால் அன்று எனக்கு ஒரு மெஷினை விற்றிருக்கலாம்.

மட்டக்குளியிலிருந்து:

மாமிக்குப் போன கிழமை போட்டோம். தன் குரல் பானைக்குள் இருந்து கதைப்பது மாதிரிக் கேட்கிறதாம். இது மெஷின் பழுதா?

வெள்ளவத்தையிலிருந்து:

பழுதாக இருக்காது. மோல்ட் காதை இறுக்கி மூடினால் அப்படித்தான் கேட்கும், அப்பாவும் முதலில் அதையே சொன்னார். போட்டவரிடமே கொண்டுபோங்கள். மோல்டில் இருக்கும் காற்றுத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கலாமா என்று பார்ப்பார். பெரிதாக்கினால் விசில் வரக்கூடும், அதையும் அவரேதான் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். மாமியையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், மெஷினை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். அப்பாவின் அடுத்த முறை வியாழக்கிழமை. கொப்பியில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "மழை நேரம் கூரைச் சத்தம் கூட."